மணல் ஒட்டிய எழுத்து

எங்கள் மாமாவுக்குத் தெற்கே சிங்கள ஊரொன்றில் சுருட்டுக் கடை. விடுமுறைக்கு எங்கள் ஊரான சுருவிலுக்கு வந்தால் சும்மா இருக்கத் தெரியாத மனிதர். அந்த முறை, தன் தங்கையான எங்கள் சின்னம்மாவை எப்படியும் வாசிக்க வைப்பதென்று வந்திருந்தார். சின்னம்மா ஏடு தொடக்கி, எழுத்தெல்லாம் பழகி முடித்த கையோடு அம்மை வருத்தத்தில் பார்வையை இழந்தவர். அரிசியில் எழுதிப் பழகிய விரல் எழுத்தை மறந்திருக்காது என்பது மாமாவின் கட்சி.

மணல் திட்டிகளுக்குப் பேர்போன பக்கத்து ஊர் மண்கும்பானிலிருந்து சைக்கிளில் ஒரு பை மணல் வந்தது. சவர்க்காரப் பெட்டி மட்டையில் கோதுமை மாப் பசையால் எழுதி, காயுமுன் மணலைத் தூவினார். எழுத்து மேடாக நின்றது. அம்மா குசினியில் மாவைத் தேடியபோது பாதி முடிந்திருந்தது.

நல்ல காரியத்தைத் தேவாரத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆகவே பிள்ளையார் சுழி போட்டு ஒரு தேவாரத்தையே எழுதினார். சின்னம்மா கதிரையில் சாய்ந்திருந்து, மட்டையைத் தடவியபடி ராகத்தோடு பாடி முடித்தார். மாமாவின் கண் கலங்கிவிட்டது. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"மாமா, மட்டை தலைகீழாக் கிடக்கு."

மாமாவின் முகம் விழுந்துவிட்டது. மணற் பையைத் தூக்கி வேலியோரம் கொட்டப் போனார். சின்னம்மாதான் மறித்தார். எழுத்துகள் நெருக்கமாக இருந்ததில் தனக்கு ஒன்றும் பிடிபடவில்லை என்றும், அண்ணனின் மனம் நோகக்கூடாதென்று பாடியதாகவும் ஒத்துக்கொண்டார்.

"பாடமானதை ஏன் அண்ணை தடவோணும்? எனக்குத் தெரியாத ஒண்டைப் பெரிசா எழுதித் தாங்கோ."

மாமா பிள்ளைகளான எங்களை வெளியே கலைத்துவிட்டு அறைக்குள் இருந்து எழுதினார். காய்ந்ததும் சின்னம்மாவின் கையில் கொடுத்தார். இம்முறை பாட்டில்லை. விரல் ஓர் எழுத்தில் நின்றது, பின்னுக்குப் போனது, மறுபடி வந்தது. நாங்கள் சுற்றி வந்து நின்றோம். திடீரென்று சின்னம்மா சிரித்தார். பிறகு மட்டையைச் சீலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, உள்ளேயே விரலை ஓடவிட்டு, முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். வாசிக்க வாசிக்க மடியில் மணல் உதிர்ந்தது.

எனக்குச் சரியான கோபம். மாமாவின் கடிதங்களைச் சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது நான்தான். என்ன எழுதியிருக்கிறதென்று கேட்டேன்.

"அது எனக்கு எழுதினது," என்றார் சின்னம்மா.

தலைப்புக்குள் தலையை நுழைத்துப் பார்த்தேன். ஒரே இருட்டு. அந்த இருட்டில் அவர் விரல் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

அதுவரை அவருக்கு எழுதப்பட்ட ஒவ்வொரு சொல்லும் எங்களில் யாராவது ஒருவரின் வாய்வழியாகத்தான் அவரிடம் போயிருந்தது. அது விளங்காத வயதில், அடுத்த நாள் காலை மாமா மறுபடி மண்கும்பானுக்குச் சைக்கிளை எடுத்தபோது, எனக்கு அழுகைதான் வந்தது.