அப்பா பாஸான சர்க்கரை டெஸ்ட்

எங்கள் அப்பா காட்டுமன்னார்கோயிலில் பிறந்தார். அங்கேயே ரைஸ்மில்லில் மூட்டை சுமந்தார். சென்ற ஆண்டு இதே மாதம் எங்களை விட்டுப் பிரிந்தார். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அவருக்குச் சர்க்கரை நோய் வந்ததே அதனால்தான் என்று படித்த உறவினர்கள் முடிவு கட்டியிருந்தார்கள்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் சர்க்கரை என்று தெரிந்தது. அத்தையின் கணவரான செம்மண்டலம் மாமா, மஞ்சக்குப்பத்தில் அரசாங்க ஆபீசர், பார்க்க வந்தார்.

"அறிவிருக்கறவனுக்கு இதெல்லாம் வராது மச்சான். படிச்சவன் வாயக் கட்டுவான்."

மாமாவுக்கும் சர்க்கரை உண்டு. ஆனால் அவருக்கு வந்தது வேலைப்பளுவால். அப்பாவுக்கு வந்தது மடத்தனத்தால். ஒரே வியாதி, ஆளைப் பார்த்துக் காரணத்தை மாற்றிக்கொள்ளும் போலிருக்கிறது.

மில் ஓடாத மாதங்களில் அப்பா சரியாகத் தூங்கியதில்லை. அக்காவின் கல்யாணப் பேச்சு தட்டிக்கொண்டே போனது. என் காலேஜ் செலவு வேறு. அப்போதெல்லாம் சர்க்கரை ஏறும். அவர் தின்ற சோற்றை விசாரித்தவர்கள் அவருடைய தூக்கத்தை விசாரிக்கவில்லை.

வரும்போதெல்லாம் மாமா ரிசல்டை வாங்கி நாலு பேர் முன்னால் உரக்கப் படிப்பார். "பாருங்க, மறுபடியும் பெயிலு!" எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார்.

பரீட்சையே எழுதாத மனிதர் அதைப் பரீட்சையாகவே எடுத்துக்கொண்டார். சிதம்பரத்துக்கு டெஸ்டுக்குப் போகும் நாள் நெருங்கினால் சோற்றைத் தொடமாட்டார். பாகற்காயும் மோரும்தான்.

"ஏங்க, மயக்கம் போட்டு உழுந்துட்டா?" என்று அம்மா கெஞ்சுவார்.

"இந்தத் தடவ பாஸாயிடறேன் பாரு. அந்தாளு வாய அடைக்கிறேன்."

பாஸானார். டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். "இப்பதான் மச்சானுக்கு புத்தி வந்திருக்கு," என்று மாமா முதுகில் தட்டினார். அன்று முழுக்க அப்பாவின் முகம் மலர்ந்திருந்தது. டெஸ்ட் முடிந்ததும் பழையபடி சோறு. மாத்திரை மட்டும் குறைந்தபடியே இருந்தது. பிறகு காலில் வந்த புண் ஆறவில்லை. கால் போயிற்று, அப்புறம் கிட்னி.

அறிவில்லாதவர் செய்கிற காரியமா இது? டெஸ்டை எப்படி ஏமாற்றலாம் என்று தானே கண்டுபிடித்தவர் அப்பா. உறவினர்களே, அந்த மூளையெல்லாம் உங்கள் சிரிப்பை நிறுத்துவதற்கே செலவாகிவிட்டது. உயிரோடு இருப்பதற்கு மிச்சமில்லை.

சிதம்பரம் டவுன் பஸ்ஸில் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்த மில் தோழர்களுக்கும், முகம் சுளிக்காமல் புண்ணைக் கழுவிக் கட்டிய நர்ஸம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

காரியத்தன்று பந்தியில், "அறிவிருந்தா இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பாரு," என்று சொன்ன மாமாவுக்கும் நன்றி. சொல்லிவிட்டு நீங்கள் பாயசத்தை மறுபடியும் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாமா.