அடுப்பேறாத கீரை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். எட்டாவதோடு நின்றுபோன படிப்பு எனக்கு. எழுதினால் சிலர் சிரிப்பார்கள், சிலர் மருந்தென்று பிடித்துக்கொள்வார்கள் என்று பயம். போன வாரம் என் மகள் தன் வீட்டுச் சமையலறையில் பசலைக்கீரையையும் வாழைப்பழத்தையும் போட்டு அடித்து, உயரமான கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, "அம்மா, இது ஸ்மூத்தி. பச்சையா இருக்குன்னு மூஞ்சியச் சுளிக்காம குடிங்க" என்று நீட்டினாள். வாங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், மூடியில் விரிசல் விட்ட சின்ன மிக்சி ஜார் ஒன்று இருக்கிறது. மிக்சி ஓய்ந்து எத்தனையோ காலமாகியும் அதைப் பழைய சாமானுக்குப் போட எனக்கு மனசு வரவில்லை. அந்த ஜார் நங்கைக்காக வாங்கியது.

நங்கை என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, கோயமுத்தூரில் பஞ்சாலை வேலைக்குப் போய்க்கொண்டு எங்களோடேயே இருந்தார். தொண்ணூறுகளின் நடுவில், சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டில் நாங்கள் மூன்று பேர். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் எனக்குப் பிள்ளையில்லை. விசேஷ வீடுகளில் குங்குமத் தட்டு என்னைத் தாண்டிப் போகும். ஒருமுறை அப்படித் தாண்டிப் போனதை நங்கை பார்த்துவிட்டார். அடுத்த கிருத்திகைக்குச் சென்னிமலை ஏறிப்போய் முருகனிடம் வேண்டிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் தொட்டில் கட்டும் வரைக்கும், பொழுது இறங்கி விளக்கு வைக்கும் முன்னால் அடுப்பில் ஏறிய எதையும் வாயில் வைப்பதில்லை என்று.

பாலும் காய்ச்சியதுதானே என்று அதையும் விட்டார். பகலில் பழம், இளநீர், தேங்காய்ச் சில்லு. விளக்கு வைத்த பிறகு ஒருவேளைச் சோறு. அதோடு ஷிஃப்டுக்கும் போய் வந்தார். மாதங்கள் போகப்போக முகம் வெளிறிக்கொண்டே வந்தது. ஒருநாள் சிறுவாணித் தண்ணி பிடிக்கும் குழாயடியில் குடத்தோடு சாய்ந்துவிட்டார். லேடி டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தமே இல்லையே என்று அதட்டினார். அவர் கொடுத்த மாத்திரை நங்கையின் வயிற்றில் தங்கவில்லை. மறுபடி போனபோது டாக்டர், கீரையாவது தினமும் சாப்பிடச் சொல்லி அனுப்பினார், இப்படியே விட்டால் ஆளைக் காப்பாற்ற முடியாது என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். "எனக்குப் புள்ளையே வேண்டாமுங்க நங்கை. நீங்க சோறு தின்னுங்க, போதும்."

"சாமிகிட்டச் சொல்லிப்போட்டனே அம்மணி. உங்கிட்டச் சொல்லியிருந்தாலாச்சும் மாத்திக்கலாம்" என்று சிரித்தார்.

கீரையிலும் ஒரு சிக்கல் இருந்தது. பகலில் கடைந்த கீரை ஆகாது, அது அடுப்பேறியது. இரவில் எங்கள் வீடுகளில் கீரையைத் தொடவே மாட்டார்கள். ஆக இருபத்துநாலு மணி நேரத்தில் கீரைக்கென்று ஒரு நேரமே இல்லாமல் போயிற்று. எனக்காக ஒரு உயிர் கண் முன்னால் உருகுகிறது, கையில் கீரைக்கட்டை வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். முருகா, நீயே ஒரு வழி சொல்லு என்று படத்தின் முன்னால் உட்கார்ந்தேன். படத்தில் வைத்திருந்த துளசியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டபோதுதான் தோன்றியது. இதையும் பச்சையாகத்தானே தின்கிறோம்?

மறுநாள் காலை வேலியில் படர்ந்திருந்த கொடிப்பசலையில் இளம் இலையாகக் கிள்ளி, உப்புத் தண்ணீரில் அலசி எடுத்தேன். கதலிப்பழம், கொட்டை எடுத்த பேரீச்சம்பழம், ஒரு நெல்லிக்காய், துருவிய தேங்காய். வெல்லம் காய்ச்சிய பொருள் என்பதால் தேன்தான். மிக்சியில் போடப் போனால் நங்கை தடுத்தார். "வெங்காயம் அரைச்ச ஜாரு அம்மணி அது." மிக்சி மோட்டார் கட்டும் பட்டறையில் இருந்த என் வீட்டுக்காரர், அன்று சாயங்காலமே புது ஜார் ஒன்றை வாங்கி வந்து, "அக்கா, இதுல உப்புகூடப் பட்டதில்லீங்க" என்று வைத்தார்.

முதல் நாள் இலையை அப்படியே போட்டேன், நார் நாராக நின்றது. பிறகு பழகிக்கொண்டேன். முதலில் இலையையும் இளநீரையும் மட்டும் மையாக ஓட விட வேண்டும், பழம் அப்புறந்தான். நெல்லிக்காய் கூடினால் துவர்க்கும். அடித்தவுடன் குடித்துவிட வேண்டும், வைத்தால் கறுத்துப்போகும். அதனால் நங்கை ஷிஃப்டுக்குச் செருப்பைப் போடும் நேரம் பார்த்துத்தான் சுவிட்சைத் தட்டுவேன். வாசலில் நின்றபடி ஒரே மூச்சில் குடிப்பார். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "ஏனுங்க, கதவுக்கு அடிக்கற பெயிண்டுங்களா அது?" என்பார். "ஆமாங்க, உள்ளாற வெள்ளையடிச்சு நாளாச்சு" என்பார் நங்கை, உதட்டுக்கு மேல் பச்சை மீசையோடு.

நாள் பட்டது. ஆனாலும் நகக்கண்ணில் மெல்லச் சிவப்பு ஏறியது. டாக்டர் மறுபடி இமையை இழுத்துப் பார்த்து, இப்போது ஆள் மாதிரி இருக்கிறீர்கள் என்றார். அடுத்த வருஷத் தைப்பூசம் கழிந்து எனக்குத் தலை சுற்றியது. மகள் பிறந்தாள்.

தொட்டில் கட்டிய அன்று, சாமிக்கு அந்தச் சாற்றையே படைக்க வேண்டும் என்று நங்கை பிடிவாதமாக நின்றார், அதுவும் தன் கையால். மிக்சி சத்தத்துக்கே பயப்படுகிறவர், மூடியை அழுத்திப் பிடிக்காமல் சுவிட்சைப் போட்டுவிட்டார். மூடி பறந்து தரையில் விழுந்து விரிசல் விட்டது. சுவரெல்லாம் பச்சை, நங்கையின் நரைமுடியெல்லாம் பச்சை, காலண்டர் முருகன் முகத்திலும் பச்சை. எல்லோரும் பதறி நிற்க, அவர் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாரு அம்மணி, தம்ளர்ல ஊத்தற வரைக்கும் அவருக்கே பொறுக்கல!"

அப்புறம் பட்டப்பகலில் இலை போட்டு, கடைந்த கீரையும் சோறும் வைத்தோம். சோற்றில் கை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "சுடுது அம்மணி" என்றார். கண் நிறைந்திருந்தது.

என் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே ஒரு காய்ச்சலில் நங்கை போய்ச் சேர்ந்தார். இன்றைக்கும் காலையில் எங்கேயாவது மிக்சி ஓடினால், வாசலில் செருப்புச் சத்தத்துக்காக என் காது காத்திருக்கிறது.

போன வாரம் என் மகள் தன் புது மிஷினைக் காட்டி, மூடி சரியாகப் பூட்டாவிட்டால் இது ஓடவே ஓடாதம்மா என்று பெருமையாகச் சொன்னாள். நல்லதுதான் கண்ணு என்றேன். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும், தம்ளரில் விரலைத் தொட்டு, பூஜை அலமாரியில் இருந்த முருகன் படத்தில் ஒரு துளி வைத்துவிட்டுத்தான் குடித்தேன்.

சொந்தக்காரர்களில் சிலர், கீரைச் சாறு குடித்துத்தான் எனக்குப் பிள்ளை பிறந்தது என்கிறார்கள். அதைக் குடித்தது நானல்ல. இன்னும் சிலர், முருகன் கனவில் வந்து செய்முறை சொன்னான் என்கிறார்கள். கனவு எதுவும் வரவில்லை. ஒருத்தி எனக்காகச் சோற்றை விட்டாள், நான் அவளுக்காக இலை கிள்ளினேன். மிச்சத்தை அவன் பார்த்துக்கொண்டான். இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது இப்படியே சொல்லுங்கள், தேன் கூடக் கலக்க வேண்டாம்.