தாத்தாவின் சாம்பலும் துரைமார் பந்தயமும்

எங்கள் தாத்தா செத்து நான்கு மாதமாகியும் கரையேறவில்லை. அவருடைய அஸ்திக் கலயம் சிவப்புத் துணி கட்டி ஆற்றோரப் புளியமரத்தில் தொங்கியது. கொள்ளி வைத்தவன் நான், சுருளித் தீர்த்தத்தில் கரைப்பதும் நான்தான் என்றார் பெரியப்பா. கடைசி மூன்று வருசம் கஞ்சி ஊற்றியவன் நான், என் கைதான் பட வேண்டும் என்றார் அப்பா. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு மண்சுவர். அதைத் தாண்டி ஒரு சொல் போய்வரவில்லை. தாத்தா கரைந்துவிட்டால் வீடுகள் ஒன்றாகிவிடும் என்று எட்டு வயதுச் சிறுமியான நான் உறுதியாக நம்பினேன்.

துக்க வருசமாதலால் எங்களுக்குப் பொங்கல் இல்லை. மாமாவுக்கு லீவு மட்டும் உண்டு. மலைமேல் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குச் சமைத்துப்போடுகிறவர் அவர். வாயைத் திறந்தால் துரை புராணம்தான். துரை இப்போது சோற்றைத் தொடுவதில்லை, பேப்பர் வருகிறதா என்று வாசலிலேயே நிற்கிறார் என்றார்.

"கிரிக்கெட்டுன்னு ஒரு பந்து வெளாட்டு. துரை நாட்டுக்காரக ஆஸ்திரேலியா போயிருக்காக. ஒரு தரம் இவுக அங்கன போறது, அடுத்த தரம் அவுக இங்கிலாந்துக்கு வாறது. அம்பது வருசமா நடக்குதாம்."

"செயிச்சா என்ன குடுப்பாக மாமா?"

"சாம்பலு. இத்தனூண்டு கலயத்துல" என்று கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார்.

அம்மா அடுப்பை விட்டு வெளியே வந்துவிட்டாள். யார் சாம்பல் என்று அப்பா கேட்டார். மாமா அதைத் துரையிடம் விசாரித்திருக்கவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"ரெண்டு கூட்டத்துக்கும் பொதுவான பாட்டன் சாம்பலாத்தான் இருக்கும். பங்காளிகதான?"

"அதக் கரைக்கவே மாட்டாகளா?" என்றேன்.

"அங்கன சுருளி ஏது ஆத்தா?"

எனக்குப் புல்லரித்தது. மாதக்கணக்கில் கடலில் போகிறார்கள். போன இடத்தில் விருந்து. ஒரே ஆட்டம் நாள்கணக்கில் நடக்க, ஆயிரமாயிரம் பேர் வெயிலில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். எல்லாம் ஒரு பிடி சாம்பலுக்கு! பூமியை ஆளுகிறவர்களும் எங்களைப் போலத்தானா? புளியமரத்துத் தாத்தாவை நினைத்தபோது பயமும் பெருமையும் சேர்ந்து வந்தன.

அன்றே சுவரேறிக் குதித்துப் பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் மீசையை நீவிக்கொண்டார்.

"ஆடத் தைரியமிருக்கான்னு ஒங்கப்பன்ட்ட கேளு."

மாட்டுப்பொங்கலன்று ஊரே மாடு குளிப்பாட்டப் போயிருக்க, அண்ணனும் தம்பியும் நெற்களத்தில் நின்றார்கள். நட்டுவைத்த மூன்று கரும்பு, தென்னை மட்டை, துணிப்பந்து. மாமாதான் நடுவர். கரும்பு சாயும்வரை ஓடலாம், அதிகம் ஓடியவருக்குத் தாத்தா. பெரியப்பா வேட்டியைத் தார்பாய்ச்சிக்கொண்டு பதினோரு தடவை ஓடினார். பிறகு அப்பா ஓடினார். பத்தாவது ஓட்டத்தில் கால் இடறிக் குப்புற விழுந்தார். பந்தைக் கீழே போட்டுவிட்டுப் பெரியப்பா பாய்ந்து வந்தார்.

"எலே தம்பி, அடி பட்டுருச்சா?"

நான்கு மாதத்தில் அதுதான் முதல் சொல். அப்பா மண்ணைத் துப்பிவிட்டுச் சிரித்தார். பெரியப்பாவும் சிரித்தார். இரண்டு பேரும் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அப்பா எழுந்து மறுபடி ஓடினார். பன்னிரண்டாவது ஓட்டத்தில் அப்பா ஜெயித்தார்.

பெரியப்பாவே மரமேறிக் கலயத்தை அவிழ்த்து அப்பா கையில் கொடுத்தார்.

"அடுத்த பொங்கலுக்குப் பாக்கேன்டா ஒன்ன" என்றார், சிரிப்பு மாறாமல்.

மறுநாள் விடியலில் அப்பா சுருளிக்குப் போய்க் கரைத்துவிட்டு வந்தார். பெரியப்பாவிடம் சொல்லிக்கொண்டு போனதாகத் தெரியவில்லை. தாத்தா கரையேறிய சந்தோசத்தில் நான் தெருவெல்லாம் ஓடினேன்.

அடுத்த பொங்கலுக்கு மூன்று கரும்பை நானே களத்தில் நட்டுவைத்துவிட்டுச் சுவரேறி எட்டிப் பார்த்தேன்.

"பெரியப்பா, ஆட வாங்க."

"என்னத்துக்கு ஆத்தா? அதான் கரைச்சாச்சே" என்று அவர் உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் சண்டையில்லை, பேச்சுமில்லை. கடைசிவரை அப்படியே போய்விட்டது.

அந்த வருசம் துரை நாட்டுக்காரர்கள் மறுபடி ஆடப்போவதாக மாமா சொன்னார். இன்னும் அந்தச் சாம்பலை வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வருகிறார்களே, கரைக்க ஒரு சுருளி இல்லாத பாவப்பட்ட ஜனங்கள் என்று நான் அவர்களுக்காக வருத்தப்பட்டேன்.