சவுரியம்மாள் வீட்டுச் சிட்டுவும் நாலு குட்டிகளும்

மூன்று வருஷமாகக் கோவிந்தசாமிக்குச் சவுரியம்மாள்மேல் மனத்தாங்கல். ஒரே தெரு, எதிரெதிர் வீடு. கேட்டவர்களுக்கெல்லாம் நாய்க்குட்டி கொடுத்தவள், அவருக்கு மட்டும் இல்லையென்று சொல்லிவிட்டாள். குட்டி கேட்டால் அந்த வீட்டை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். அப்படி அவர் வீட்டுக்கும் வந்தாள், நின்றாள், சுற்றிப் பார்த்தாள்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. ஒரே தோல் துண்டும் ஊசியுமா கெடக்குது."

அவர் மனைவி பூங்குழலி, கம்பெனியிலிருந்து ஷூவின் மேல்தோலை வாங்கி வந்து வீட்டில் கையால் தைப்பவள். ஆம்பூரில் எத்தனையோ வீடு அப்படித்தான்.

"கெடந்தா இன்னாமா, கடிச்சிக்கினு வெளையாடும்" என்றார் கோவிந்தசாமி. அதுதான் வினையாகப் போயிற்று.

"அதாண்ணா பயம். மருந்துல ஊறின தோலு. முழுங்குச்சின்னா கொடல அடைச்சிக்கும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இல்லாதப்பட்ட வீடு என்பதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவள் கைகாட்டினால் அவர் ஆட்டோ நிற்காது.

சவுரியம்மாளுக்கு ஷூ கம்பெனியில் தையல் மிஷின் வேலை, இருபத்திரண்டு வருஷமாக. மிதித்து மிதித்து மூட்டு தேய்ந்துவிட்டது. புருஷன் செத்துப்போன வருஷம், ஊர் மாறிப்போன சூப்பர்வைசர் ஒருவர் தன் பொமரேனியனை அவளிடம் விட்டுவிட்டுப் போனார். பிங்கி என்று பெயர். மடியில் அடங்குகிற உருப்படி. நாலு பேர் பேச்சைக் கேட்டு, ஒரு வயசுகூட நிறையாத அதைக் கொஞ்சம் பெரிய ஆண்நாயோடு சேர்த்துவிட்டாள். குட்டி பெருத்து வழியில் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரி போவதற்குள் பிங்கி அவள் மடியிலேயே முடிந்துபோயிற்று. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை அவளுக்கு.

அதற்கப்புறம் வந்தவள்தான் சிட்டு, அதே மாதிரிச் சின்ன ஜாதி நாய். இரண்டு வயசு தாண்டாமல் சேர்க்கவில்லை. ஒரு ஈத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒரு வருஷமாவது விடுவாள். அறுபது நாள் ஆகாமல் எந்தக் குட்டியும் வாசல் தாண்டாது. வாங்கியவர்கள் வளர்க்க முடியவில்லையென்றால் திருப்பிக் கொண்டுவந்து விடவேண்டும், தெருவில் விடக்கூடாது. தெருவே சிரித்தது, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாளென்று.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி இருக்கும். கோவிந்தசாமி ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டிலிருந்து சவுரியம்மாள் சிட்டுவைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். நாய்க்குக் கால் நாலும் விறைத்திருந்தது. உடம்பெல்லாம் நடுக்கம், வாயில் எச்சில்.

அவர் ஓரடி பின்வாங்கினார். "வெறி கிறி புடிச்சிடுச்சா?"

"ஊசி போட்ட நாய்ணா. குட்டி போட்டு இன்னியோட பதினாறு நாளு. வண்டிய எடுங்க."

கேட்காமலே ஏறி உட்கார்ந்தாள். மூன்று வருஷத்துக் கோபத்தோடு அவர் எப்படிக் கிக்கரை இழுத்தார் என்று அவருக்கே தெரியாது. பிரியாணிக் கடைகளின் முன்னால் கார்கள் மொய்த்துக் கிடந்தன. ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் சந்துபொந்தெல்லாம் புகுந்து போனார்.

"இன்னும் அந்தக் கோவமாண்ணா? வாயே தொறக்கல."

"ஓட்டசொல்ல நான் பேசறதில்ல."

"போன வாரம் கட்சிக்காரங்க கூட்டத்துக்கு மைக்குல வழிநெடுக பேசிக்கினே ஓட்டனீங்க."

"அது சவாரி. நீ சும்மா வா."

கால்நடை டாக்டரம்மா பாரதி ஞாயிறு மத்தியானம் வரை இருப்பவர். பார்த்ததும் காய்ச்சல் பார்த்தார், நரம்பில் ஊசியை ஏற்றினார். ஒரு கையால் மருந்தைச் சொட்டுச் சொட்டாக உள்ளே தள்ளிக்கொண்டே, குழாயைக் காதில் வைத்து நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடுமாம். சவுரியம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தது.

கால் மணி நேரத்தில் நடுக்கம் தணிந்தது. சிட்டு தலையைத் தூக்கி எசமானியைத் தேடியது.

"பால் சுரந்து சுரந்து ரத்தத்துல கால்சியம் எறங்கிடுச்சி" என்றார் டாக்டர். "சினையா இருக்கும்போது ஏதாவது மாத்திர குடுத்தீங்களா?"

சவுரியம்மாள் தயங்கினாள். "என் மாத்திரதாம்மா. கம்பெனி கேம்புல மூட்டு வலிக்குக் குடுத்தாங்களே, அந்தக் கால்சியம். குட்டிங்களுக்கு எலும்பு கெட்டியா இருக்கும்னு தெனம் ஒண்ணு வச்சேன்."

"அதான் தப்பு. வெளியில இருந்தே வந்துட்டு இருந்தா, எலும்புல இருந்து எடுத்துக்குற பழக்கம் உடம்புக்கு விட்டுப்போயிடும். பால் குடுக்கும்போதுதான் அது தேவை. சின்ன நாயிங்களுக்கு இது ஜாஸ்தி வரும்."

சவுரியம்மாள் முகம் செத்துப்போயிற்று. இந்த இடத்தில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். எதிர்வீட்டுத் தோல் துண்டு கண்ணுக்குத் தெரிந்தவளுக்குத் தன் வீட்டு மாத்திரை தெரியவில்லையா என்று. கோவிந்தசாமிக்கு நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அவள் நின்ற நிலையைப் பார்த்து வேறு ஏதோ சொன்னார்.

"யாருக்குமா தெரியும் இதெல்லாம். எங்கிட்ட இருந்தா நானும் அதத்தான் குடுத்திருப்பேன்."

நாலு குட்டிகளையும் இனித் தாயிடம் விடக்கூடாது, பாட்டிலில்தான் பால் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாட்டுப் பால் ஆகாது, வயிறு போகும் என்று குட்டிகளுக்கான பால் பவுடர் டப்பா எடுத்துக் கொடுத்தார். போகும்போது இருந்த அவசரம் வரும்போது இல்லை. மேடு பள்ளம் வந்தால் கோவிந்தசாமி நிறுத்தி நிறுத்தி ஓட்டினார்.

வீட்டில் சவுரியம்மாள் ஒரு குட்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். மல்லாத்தக் கூடாது, கவிழ்ந்தபடி தலையைத் தூக்கிக் குடிக்கவேண்டும், இல்லையென்றால் பால் நுரையீரலில் ஏறிவிடும் என்று காட்டினாள். கிளட்ச் பிடித்துக் காய்த்துப்போன கை. அதில் அது கால்களால் முட்டி முட்டிக் குடித்து, அப்படியே தூங்கியும் போயிற்று. கீழே வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

"நாளைக்கு எனக்கு லீவு கெடையாதுண்ணா. எட்டரைக்கு பெல்லு. பத்துக்கு, ஒண்ணுக்கு, நாலுக்கு வந்து பால் குடுக்கறீங்களா?"

"சவாரி இன்னாவறது?"

"நடுவுல ஓட்டுங்க."

சிட்டு மூலையில் சாக்குமேல் நிம்மதியாக மூச்சுவிட்டுக்கொண்டு படுத்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், சரியென்று தலையாட்டினார். எழுந்து போகப் போனவரைச் சவுரியம்மாள் மறுபடியும் கூப்பிட்டாள்.

"இன்னும் ஒண்ணுண்ணா. குடிச்சப்புறம் பஞ்ச வெதவெதன்னு தண்ணியில நனைச்சி அடிவயித்த மெதுவா தடவி வுடணும். தாய் நக்கி வுட்டாதான் அதுங்களுக்கு மூத்திரம் போவும். நாலு குட்டிக்கும் செய்யணும். வெக்கமா இருந்தா கதவ சாத்திக்கிங்க."