ரேடியோ பாதியில் விட்ட வாழி

என் வீட்டுக்காரர் வில்லுப்பாட்டு அண்ணாவி, குழுவுக்குத் தலைமைப் பாட்டுக்காரர். மெட்ராஸ் ரேடியோவில் எங்கள் ஊர் அம்மன் கதையைப் பாட அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். குழுவோடு வில்லையும் குடத்தையும் பஸ்ஸில் ஏற்றி, திருநெல்வேலியில் ரயில் பிடித்துப் போனார். முப்பதுகளின் கடைசி அது. தோவாளைப் பக்கத்து எங்கள் ஊரில் ரேடியோ என்றால் வாசகசாலையில் இருந்த பேட்டரிப் பெட்டி ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் ஊரே அங்கே கூடிவிட்டது. அம்மன் கதையைச் சும்மா உட்கார்ந்தா கேட்பது? பெட்டிக்குப் பிச்சிப்பூ மாலை போட்டோம். குத்துவிளக்கு ஏற்றி, பழக்குலை வைத்து, கோயில் கொடைத் திருவிழாவுக்குச் செய்கிற எல்லாம் செய்தோம். "இது கோயிலு இல்ல, பெட்டியாக்கும்" என்று வாசகசாலைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அவர் பேச்சை யார் கேட்டார்கள்.

குரல் வந்தது. எனக்கு மேலெல்லாம் புல்லரித்துப்போயிற்று. கஞ்சியில் உப்புப் போதாது என்று என்னோடு மல்லுக்கு நிற்கிற அதே குரல், இத்தனை மலையும் ஆறும் தாண்டி ஒரு மரப்பெட்டிக்குள்ளிருந்து வருகிறது. இருமல்கூட மாறவில்லை. கும்பிடத்தான் தோன்றியது, கும்பிட்டேன். பெண்கள் குரவை போட்டோம். எங்கள் சாமியாடிக்கு அருள் வந்து ஆடத் தொடங்கிவிட்டார்.

அம்மன் கோபத்தோடு மலையிறங்குகிற இடத்தில் பாட்டு நின்றுவிட்டது. யாரோ இங்கிலீஷில் என்னமோ சொன்னார், வீணை தொடங்கியது. கால்மணி நேரம்தான் கொடுத்தார்களாம். விடிய விடியப் பாடுகிற மனுஷனுக்குக் கால்மணி நேரம் எந்த மூலைக்கு?

கதையைத் தொடங்கினால் வாழி என்கிற வாழ்த்துப் பாடித்தான் முடிக்க வேண்டும், அதையும் கதை கேட்ட ஜனத்துக்கு முன்னால் பாட வேண்டும். அதுவரை அண்ணாவி சோற்றில் கை வைக்கக் கூடாது. என் மனுஷன் முறை தப்புகிறவர் இல்லை. ஊர் வந்து சேருமட்டும் பட்டினிதான், ஏற்கெனவே இருமல் பிடித்த உடம்பு. இங்கேயோ சாமியாடி அருள் அடங்காமல் நடுங்கிக்கொண்டு, "வாழி எங்கே, வாழி எங்கே" என்று கேட்கிறார்.

வாழி தெரிந்த ஆண்கள் அத்தனை பேரும் மெட்ராஸில். அடுப்படியில் நின்று கேட்டுக் கேட்டே எனக்கு அது மனப்பாடம். எங்கள் பக்கம் பெண்கள் கொடையில் பாடும் வழக்கம் கிடையாது. ஆனாலும் எழுந்தேன். அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு, ஊர் வாழி, மழை வாழி, பாடினவர் வாழி என்று முழுசும் பாடினேன். சாமியாடி ஆட்டம் அடங்கி என் நெற்றியில் திருநீறு போட்டார்.

மூன்றாம் நாள் கண்ணெல்லாம் குழிவிழுந்து வந்து நின்றார் என் வீட்டுக்காரர். "ஊரைக் கூட்டு, வாழி பாக்கி கெடக்கு" என்றார்.

"பாடியாச்சு."

"ஆரு பாடினா?"

"நான்தான்" என்றேன். அடி விழும் என்றே பயந்தேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "சோறு போடு" என்றார்.