நான்காவது கேமரா

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது எனக்கு நடந்தது. பட்டப்பகலில், முந்நூறு பேர் உட்கார்ந்திருந்த அரங்கத்தில்.

நானும் என் சகலையும் ஒரே தொழில். நிகழ்ச்சிகளை நேரலையில் ஒளிபரப்புவது. "அத்தான் எடுத்தா கண்ணுல ஒத்திக்கலாம்" என்று என் மனைவி தன் அக்கா கணவரைப் பற்றி நாளுக்கு நாலு தடவை சொல்வாள். எனக்கு வயிறு பற்றி எரியும். என்ன செய்வது, அவர் கை அப்படி.

அன்று ஓர் இசைப் பள்ளியின் ஆண்டு விழா. என் கேமரா மூன்று, அவருடையது ஒன்று. நான்கையும் லேப்டாப்பில் இணைத்து மாற்றி மாற்றி ஒளிபரப்புவது என் வேலை. யார் நன்றாகச் செய்கிறாரோ அவருக்கு வருடம் முழுக்க வேலை என்று தாளாளர் சொல்லியிருந்தார். அதனால் ஒரு காரியம் செய்தேன். மூன்று மணிக்குத் தொடங்கும் விழாவை அவரிடம் நான்கு மணிக்கு என்றேன்.

2:48-க்கு போன்.

"சகல, மூணு மணிக்காமே?"

"அப்படியா? எனக்கே இப்பத்தான் தெரியும்."

"என் கேபிளைப் போட்டு வைங்க. பறந்து வந்துடறேன்."

போடவில்லை. முந்தின நாளே அவர் கொடுத்து வைத்திருந்த, சிவப்பு டேப் சுற்றிய அந்தக் கேபிளைச் சுருட்டி என் பைக்குள் திணித்தேன்.

மூன்று மணிக்குத் தொடங்கினோம். திரையில் நான்கு கட்டங்கள். நான்காவது மட்டும் கறுப்பு. இணையத்தில் பார்ப்பவர்கள் நூற்றுப் பத்துப் பேர்.

3:12. நான்காவதில் படம் வந்தது.

பின்வரிசையில் வயலின் வாசிக்கும் சின்னப் பெண். நாற்காலிக்குக் கீழே தாளம் போடும் அவள் கால். எனக்குப் பயம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. மனிதர் எங்கே நின்று எடுக்கிறார்? எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் வெறும் சுவர்.

குனிந்தேன். கேபிள் பைக்குள்ளேயே இருந்தது.

ஹெட்போனில்... டக்... டக்... மைக்கை இரண்டு முறை தட்டுவது அவர் பழக்கம்.

"சகல... நாலைப் போடுங்க."

விரல் தானாக அழுத்தியது. பார்ப்பவர்கள் தொள்ளாயிரம் ஆனார்கள். பிறகு எதை அழுத்தியும் மாறவில்லை. மீதி விழா முழுவதும் அதில்தான் போனது.

3:58. கேமரா மெல்லத் திரும்பியது...

நாற்காலிகள்...

ஒரு முதுகு. நீலச் சட்டை.

என் சட்டை.

நெருங்கியது... கீழே இறங்கியது...

வாய் திறந்து கிடந்த என் பை.

அங்கேயே நின்றது.

சரியாக 4:00. கறுப்பு.

வெளியே வந்ததும் மனைவியின் அழுகை போனில். லாரி மோதிய இடத்திலேயே அவர் போய்விட்டாராம். அவர் கேமரா பையோடு நசுங்கிக் கிடந்ததாம். போலீஸ் குறித்த நேரம் 3:12.

வருட வேலை எனக்கே கிடைத்தது. அந்தப் பெண்ணின் காலைக் காட்டினீர்களே, அதற்காகத்தான் என்றார் தாளாளர்.

பதினாறு நாள் கழித்து மனைவி பதிவைப் பார்த்தாள். கண் இமைக்கவில்லை. நான் எடுத்த எதையும் அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது.

"இது அத்தான் எடுத்தது. எனக்குத் தெரியாதா?" என்றாள்.

கடைசி இரண்டு நிமிடம் வந்தது. படத்தை நிறுத்தினாள்.

"உங்க பைக்குள்ள... அந்தச் சிவப்பு டேப் கேபிள், அத்தானோடதுதானே?"