அத்தை மறுபடி திறந்த இத்தாலி ஓட்டல்

பாம்பன் ஸ்டேஷனுக்கு எதிரே, ராமேஸ்வரத்துக்கு ரயில் மாறுகிறவர்கள் மூட்டைமுடிச்சோடு காத்து நிற்கும் இடத்தில், என் மாமா ஓர் ஓட்டல் வைத்திருந்தார். மாமா என்றால் என் அய்யாவின் தங்கையைக் கட்டியவர். உலகச் சண்டையின்போது பட்டாளத்துச் சமையல்காரராக இத்தாலி வரைக்கும் போய்வந்தவர். கூடப் போனவர்கள் குண்டு, துப்பாக்கி, பனி என்று கதைகளோடு திரும்பினார்கள். மாமா மாவு பிசையும் கதையோடு திரும்பினார்.

மைதாவில் முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைந்து, மெல்லியதாகத் தேய்த்து, நாடா போலக் கீறிக் கொடியில் காயப்போடுவார். பிறகு அதை வெந்நீரில் அவித்து, தக்காளியும் பூண்டும் நண்டுச் சதையும் சேர்ந்த குழம்பை மேலே ஊற்றித் தருவார். இத்தாலியில் அதன்மேல் பால்கட்டியைத் துருவிப் போடுவார்களாம். பாம்பனில் பால்கட்டிக்கு எங்கே போவது? மாமா கொப்பரையை வறுத்துத் துருவிப் போட்டார். பலகையில் ‘இத்தாலி ஓட்டல்’ என்று எழுதி மாட்டினார். ஊர் அந்தப் பண்டத்துக்கு இத்தாலிச் சேவை என்று பெயர் வைத்தது. முதலில் புழு என்று முகத்தைச் சுளித்தவர்களே பிற்பாடு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பெஞ்சில் இடம் பிடிக்க ஓடினார்கள்.

எனக்கு ஒன்பது வயதானபோது மாமா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். ஓட்டல் கதவு சாத்தியது சாத்தியபடி கிடந்தது.

அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. துக்கம் ஒரு வருஷம் கழிந்ததும், அத்தையை எங்கள் வீட்டோடு வந்து இருந்துவிடும்படி அய்யா கூப்பிட்டார். அய்யா மீன்பிடி வல்லம் வைத்து ஆட்களைக் கடலுக்கு அனுப்பும் சம்மாட்டி. அவர் கூப்பிட்டால் வல்லத்து ஆட்கள் மட்டுமல்ல, தெருவே எழுந்து வரும். அத்தை வரவில்லை. மாமாவின் ஓட்டலைத் தானே திறக்கப்போவதாகச் சொன்னாள். கல்லாவில் ஒரு பொம்பிளை உட்கார்ந்து போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் பரிமாறுவதா என்று அய்யா குதித்தார். சொந்தத் தங்கைக்கு ஒரு வாய் சோறு போட வக்கில்லாதவன் என்று ஊர் தன்னைப் பேசாதா என்றும் கேட்டார். அத்தை நிதானமாக இருந்தாள்.

“சோறு போட நீங்க இருக்கீகன்னு தெரியும்ண்ணே. சோறு போட எனக்கும் கை இருக்கு.”

அதோடு பேச்சு முறிந்தது. நம் வீட்டிலிருந்து ஒருவரும் அங்கே கால் வைக்கக் கூடாது என்று அய்யா உத்தரவு போட்டார்.

திறக்கும் நாளாக அத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தாள். அன்று கடலுக்குப் போகிறவர்கள் இல்லை. காலைப் பூசை முடிந்து கூட்டம் வெளியே வரும்போது கோயில் வாசலில் நின்றுகொண்டு, கல்யாணத்துக்கு அழைக்கிறவள்போல எல்லோரையும் அழைத்தாள். பெண்கள் தலையை ஆட்டிவிட்டு அய்யாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்கள் அய்யாவை மட்டும் பார்த்தார்கள். அய்யா செருப்பை மாட்டிக்கொண்டு, அத்தை நின்ற பக்கமே திரும்பாமல் நடந்தார்.

மதியம் சாப்பிட வந்து உட்கார்ந்த அய்யா முன்னால் தட்டு வரவில்லை. அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை. அம்மா என் தலையைப் பின்னி முடித்து, தம்பிக்குப் புதுச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு உலை வைக்கலை. பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு உங்க தங்கச்சி கடைக்குப் போறேன்” என்றாள். அய்யா பதில் சொல்வதற்குள் நாங்கள் தெருவில் இருந்தோம்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. வெளியூர்ப் பெண்கள் வந்தால் ஒதுங்கி உட்காரட்டும் என்று மாமா உள்ளே ஒரு தட்டி கட்டியிருந்தார். அம்மா தட்டிப் பக்கம் போகவில்லை. தெருவைப் பார்த்த முதல் மேஜையில், தெருவைப் பார்த்தே உட்கார்ந்தாள். கடையில் எங்களைத் தவிர ரயில்வே ஆள் ஒருவர் மட்டும் ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிர்ப்புறம் புளியமர நிழலில் வல்லத்து ஆட்கள் பீடியோடு நின்று கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தை மூன்று பீங்கான் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். அவசரத்தில் ஊற்றிய குழம்பு ஓரத்தில் வழிந்திருந்தது. எனக்கு ஒரு முள்கரண்டியும் கிடைத்தது. வலை பின்னும் ஊசியில் நூலைச் சுற்றுகிற மாதிரி சேவையை அதில் சுற்றித் தூக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். நான் சுற்றிச் சுற்றித் தூக்கினேன். வாய்க்கு வருமுன் எல்லாம் மடியில் விழுந்தது. தம்பி ஒரு நுனியை வாயில் வைத்து உறிஞ்ச, மறு நுனி அவன் மூக்கில் அடித்துவிட்டு உள்ளே போயிற்று.

சேவை கட்டிகட்டியாக ஒட்டிக் கிடந்தது. அதைவிட, ஒரே உப்பு. பதற்றத்தில் அத்தை வெந்நீரிலும் போட்டு, குழம்பிலும் இரண்டு தரம் போட்டிருக்க வேண்டும். மாமா செய்தது இப்படி இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஆனால் அம்மா கண்ணை மூடித் திறந்து, தலையை ஆட்டி ஆட்டி ரசித்துச் சாப்பிட்டாள். தட்டு காலியானதும், புளியமரம் வரைக்கும் கேட்கிற குரலில், “தாயி, இன்னொரு தட்டு வையி. இப்பிடி ஒரு ருசியை நான் பார்த்ததே இல்ல” என்றாள். சரி, இத்தாலியில் உப்பு அதிகம்தான் போலும் என்று நானும் முடிவுசெய்துகொண்டு மிச்சத்தைத் தின்று தீர்த்தேன்.

அம்மாவின் இரண்டாவது தட்டு பாதியில் இருந்தபோது புளியமரத்தடியில் பீடிகள் கீழே விழுந்தன. அய்யா வந்துகொண்டிருந்தார். நேராக வாசலுக்கு வந்து நின்றார். எங்கள் எல்லோர் முன்னாலும் கடையை மூடச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அம்மா நிமிரக்கூட இல்லை, சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அத்தை கல்லாவிலிருந்து எழுந்தாள். ஆனால் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அய்யா உள்ளே வந்து, மாமா இருந்த காலத்தில் அவருக்கென்று போட்டுவைக்கும் பெஞ்சில் உட்கார்ந்தார். அத்தை ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அய்யா கையாலேயே அள்ளி ஒரு வாய் போட்டார். மென்றார். இன்னொரு வாய் போட்டார். 

“உப்பு கூடிப்போச்சு” என்றார். அடுத்த வாயை அள்ளிக்கொண்டே, “மச்சான் கை இப்பிடி இருக்காது. நாளைக்குக் குறைச்சுப் போடு” என்றார்.

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா தட்டைப் பார்த்தாள். ஒரு வருஷமாக எங்கள் யார் முன்னாலும் கலங்காத அத்தை, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அவள் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. அய்யா தட்டைக் கடைசிவரை வழித்துத் தின்றுவிட்டு, கை கழுவிக்கொண்டு, புளியமரத்தடியில் நின்ற தன் ஆட்களிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு அழுகை முட்டியது. அம்மாவுக்கு அவ்வளவு பிடித்த சாப்பாட்டை, இத்தாலியைப் பற்றி ஒன்றும் தெரியாத அய்யா குறை சொல்லி, திறந்த அன்றைக்கே அத்தையை அழ வைத்துவிட்டாரே என்று அம்மாவிடம் பொருமினேன். அம்மா தெரு முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் பானையிலிருந்து சொம்பு சொம்பாக மொண்டு குடித்தாள். வெயில் அன்றைக்கு அப்படி என்று நினைத்தேன்.

அய்யாவோடு நான் பேசாமலே இருந்தேன். மறுநாளிலிருந்து அவர் வல்லத்து நண்டில் நல்லதாகப் பொறுக்கி அத்தைக்கு அனுப்பினார். கொண்டுபோகிற ஆட்கள் அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். குறை கண்டுபிடிக்கத்தான் ஆள் அனுப்புகிறார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கேற்ப அவர்களும் தினம் ஒன்று சொன்னார்கள். இன்றைக்குப் புளிப்பு, இன்றைக்குக் காரம், இன்றைக்குச் சேவை வேகவில்லை. சாயங்காலங்களில் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, அய்யாவுக்கு முன்னால் உட்கார்ந்து, அதையெல்லாம் ஒன்று விடாமல் அவரிடம் ஒப்பித்துச் சிரித்துவிட்டுப் போவாள். இத்தனை குறை கேட்கிறவளுக்கு முகம் எப்படி நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வருகிறது என்பதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை.